இரண்டு கையிலும் காசு

அத்தியாயம் 4

கோயம்புத்தூரில் ஒருவர் பணக்காரராவதற்கு ஒரு மில் போதும். பெரிய மனிதராவதற்கு ஒரு பேரவை வேண்டும்.

கிருபாசங்கரிடம் இரண்டும் இருந்தன. சூலூர்ப் பக்கம் நூற்பாலை, நகரத்துக்குள் கொங்குப் பழங்காசுப் பேரவை. நூற்பாலையில் அவர் வெறும் முதலாளி. பேரவையில் நிறுவனர், தலைவர், புரவலர், செய்திமடலின் கௌரவ ஆசிரியர், வருடா வருடம் சிறந்த சேகரிப்பாளர் விருதைக் கொடுப்பவர், பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்பவரும்.

அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போத்தனூரில் ஒரு பேக்கரியின் மாடிப்படியை ஏறினார். மாடியில் ரூத் துப்பறியும் நிலையம். ரூத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. ரயில்வேயில், பயணிகள் தொலைத்த சாமான்களைப் பாதுகாக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். தொலைத்தவர் சொல்லும் குடையின் நிறத்துக்கும் நிஜமான குடையின் நிறத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்பதுதான் அந்த உத்தியோகம் அவருக்குக் கொடுத்த பென்ஷன். இப்போது மாப்பிள்ளை குடிப்பாரா, சிகரெட் பிடிப்பாரா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வதில் பிழைப்பு நடந்துகொண்டிருந்தது.

உதவியாளர் பொங்கியண்ணனுக்கு நாற்பது. முன்னாள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எல்லோரும் ஒருநாள் சாகப்போகிறார்கள் என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லிக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர். தன்னைவிடச் சின்னவரை அண்ணன் என்று கூப்பிட மனம் வராமல் ரூத் அவரைப் பொங்கி என்பார்.

"அம்மா, நான் இழந்தது ஒரு காசை அல்ல. ஒரு சகாப்தத்தை" என்று கிருபாசங்கர் ஆரம்பித்தார்.

பொங்கியண்ணன் நோட்டில் 'காசு ஒன்று, சகாப்தம் ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

மேடைத் தமிழை வடிகட்டினால் விஷயம் இதுதான். சூலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவே நொச்சிக்காட்டுப்பாளையம். அங்கே தோட்டத்தின் நடுவில் கருங்கல்லும் சுண்ணாம்புமாய் ஒரு பழைய கட்டடம். ஊர்க்காரர்கள் அதை டங்காசாலை என்பார்கள். மைசூர்க்காரர்கள் ஆண்ட காலத்தில் காசு அடித்த இடம் அதுதான் என்பது கிருபாசங்கரின் கண்டுபிடிப்பு. ஆதாரம் இரண்டு. ஒன்று, கட்டடத்தின் பெயர்; டங்காசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். இன்னொன்று, ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் தேய்ந்த எழுத்துமாய் அவரிடம் இருந்த வெள்ளிக்காசு. அந்த மாதிரிக் காசு உலகத்திலேயே மூன்றுதான் என்பார். மற்ற இரண்டையும் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கட்டடத்தை வாங்கிப்போட்டார். அதை அருங்காட்சியகமாக்கி, வாசலில் தன் மார்பளவுச் சிலையும் சிலைக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையும் வைப்பது திட்டம். இடைஞ்சல் ஒன்றுதான். உள்ளே எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாரியாத்தாள் என்ற விதவை அங்கேயே குடியிருந்து தறி ஓட்டினார். குத்தகைப் பத்திரம் இன்னும் ஏழு வருடத்துக்கு அவர் பக்கம் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரவை உறுப்பினர்கள் முப்பத்தெட்டுப் பேர் ஏ.சி. பஸ்ஸில் டங்காசாலைக்குச் சுற்றுலா போனார்கள். கிருபாசங்கர் தறிகளை நிறுத்தச் சொல்லி, காசை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, அது பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். மாரியாத்தாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். மாலை ஆறு மணிக்குக் கோவை ஓட்டல் ஒன்றில் விருந்து. அங்கே பெட்டியைத் திறந்தால் யானை இல்லை. ஒற்றை ரூபாய் நாணயம் ஒன்று வெல்வெட்டில் படுத்திருந்தது.

மோர்த் தட்டோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தவள் அந்தப் பெண்பிள்ளை ஒருத்திதான் என்றார் கிருபாசங்கர். இன்று மாலை ஐந்து மணிக்கு அவர் டங்காசாலைக்கு வருவார். அதற்குள் காசு வர வேண்டும், அல்லது அவள் திருட்டை ஒப்புக்கொண்டு காலி செய்ய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஐந்தரைக்குப் போலீசில் புகார். திருட்டு வழக்கு விழுந்தால் குத்தகை தானாக உடையும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

ரூத் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த ஒற்றை ரூபாய் எங்கே?

"வீசிவிட்டேன் அம்மா. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

அவர் இறங்கிப் போன பிறகு பொங்கியண்ணன் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். "வந்த ரூபாயை வீசற மில் மொதலாளிய இன்னைக்குத்தானுங்க்கா பாக்கறேன். ஊருல எத்தனை பெரிய ஏஜென்சி இருக்குது, நம்ம படி ஏறி வந்திருக்காரு பாருங்க."

"அதுதான் பொங்கி எனக்கும் இடிக்குது" என்றார் ரூத்.

பேரவைச் செயலாளர் மோகன்குமார் பல் டாக்டர். ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக். ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்த்துவிட்டு இவர்களிடம் பேசினார். நோயாளிக்கும் விஷயம் சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும். கடைசி வரை வாயை மூடவில்லை.

தலைவர் அந்த ரூபாயைப் பார்த்ததும் பாம்பைத் தொட்டவர் மாதிரி உதறி எறிந்தார் என்றார் டாக்டர். ஆனால் பழங்காசுக்காரர் எவராலும் ஒரு காசைத் தரையில் விட்டுவர முடியாது. அதை இவர் பொறுக்கி வந்து, அட்டைக் கவரில் போட்டு, மேலே குறிப்பும் எழுதி வைத்திருந்தார். 'ஒரு ரூபாய். பேரவை விருந்தில் தரையில் கிடைத்தது. கழுவப்படவில்லை.'

"அது என்னங்க டாக்டர், கழுவப்படவில்லை?" என்றார் பொங்கியண்ணன்.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கையேட்டை எடுத்து நீட்டினார். அட்டையில் கிருபாசங்கர், உள்ளே பேரவையின் விதிகள். முதல் விதி, காசைக் கழுவாதே. கழுவினால் அதன் வரலாறு தண்ணீரோடு போய்விடும். இரண்டாவது விதி, விளிம்பை மட்டும் பிடி, முகத்தில் விரல் படக்கூடாது. பதினாறு விதிகளில் பதினான்கு தலைவரை எப்படி வரவேற்பது என்பது பற்றியவை.

முதல் விதியின் புண்ணியத்தில் அந்த ரூபாயின் பள்ளங்களில் குங்குமம் அப்படியே இருந்தது. எண்ணெய் கலந்து, கறுத்துப்போன குங்குமம். பொங்கியண்ணன் கவரைப் பிரித்து மோந்து பார்த்தார். அடுத்த நிமிடம் தும்மினார். மறுபடியும் தும்மினார். மூன்றாவது தும்மலில் நாற்காலியிலிருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதுல மொளகாய்ப் பொடி கலந்திருக்குதுங்க" என்றார் கண்ணைத் துடைத்தபடி. அதோடு அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது.

குங்குமத்தில் மிளகாய் கலக்கும் கோயில் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் என்றார். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே வெட்டுக்காட்டம்மன். அங்கே யாரும் வரம் கேட்கப் போவதில்லை. ஒருவர் மேல் வயிறு எரிந்தால் போவார்கள். காசுக்குக் குங்குமம் பூசி, எதிராளி பேரை மூன்று முறை சொல்லிக் கொடுத்தால் பூசாரி உளியால் அதை இரண்டாக வெட்டுவார். காசு வெட்டுப்படுகிற மாதிரி எதிராளியின் வாழ்க்கை வெட்டுப்படும் என்பது கணக்கு. பொங்கியண்ணனின் பெரியப்பா ஒன்றரை அடி வரப்புக்காக தன் தம்பியான இவர் அப்பா பேரில் காசு வெட்டியவர். அப்பா நாலு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"காசு வெட்டினதாலயா?" என்றார் ரூத்.

"வெட்டிட்டாங்கன்னு யாரோ வந்து சொன்னதாலீங்க."

ரூத் அதற்குத் தலையை ஆட்டினார். காதில் வாங்கிக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. டாக்டர் அனுப்பிய செய்திமடலைப் போனில் படித்துக்கொண்டிருந்தார். சுற்றுலாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தார்கள், எல்லாம் தலைவரைப் பற்றி. திரும்பும் வழியில் கருமத்தம்பட்டி அருகே ஒரு பேக்கரியில் பஸ் நின்றதும், தலைவர் மட்டும் ஒரு கல்வெட்டைப் பார்த்து வருவதாகத் தனியே நடந்து போனதும் நாலாவது பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வாக்கியத்தை ரூத் இரண்டு முறை படித்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, டங்காசாலைக்குப் போகலாம் என்றார்.

வழியில் பொங்கியண்ணன் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டார். கிருபாசங்கர் மேல் காசு வெட்ட மாரியாத்தாளுக்குத்தான் காரணம் இருக்கிறது. எதிராளி கையில் புழங்கிய காசாக இருந்தால் இன்னும் விசேஷம். ஆனால் அம்மனுக்குத் திருட்டுக் காசு ஆகாது. அதனால் யானையை எடுத்துக்கொண்டு, திருடியதாக ஆகாமலிருக்க, பதிலுக்குக் குங்குமம் பூசிய ரூபாயை வைத்துவிட்டாள். கதை நன்றாகத்தான் இருந்தது. ரூத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

டங்காசாலை வாசலில் பேரவையின் பேனர் இன்னும் தொங்கியது. அதில் கட்டடத்தைவிடக் கிருபாசங்கர் பெரிதாக இருந்தார். உள்ளே எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்ததால், முதல் ஐந்து நிமிடம் மூன்று பேரும் கையசைவில்தான் பேசினார்கள். பிறகு மாரியாத்தாள் அவர்களைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மூன்றடுக்குச் சாப்பாட்டு கேரியர் ஒன்று தயாராக இருந்தது. மகள் ரித்திகாவுக்கு எட்டாவது மாதம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளைத் திங்கட்கிழமையிலிருந்து சூலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு ஏறி, குழந்தையின் நாடித்துடிப்பு சீராக இல்லையாம். போன மாதமே டாக்டர் எச்சரித்திருந்தாராம்.

இந்தக் கட்டடத்தில் காசு அடித்தார்களா என்று பொங்கியண்ணன் கேட்டார். தன் மாமனார் காலத்தில் புகையிலை போட்டு வைத்திருந்தார்கள், அதற்கு முன்னால் என்ன இருந்ததென்று தெரியாது என்றார் மாரியாத்தாள். எதுவாக இருந்தாலும் மழைக்கு ஒழுகியதில்லை.

கிருபாசங்கர் சொன்னதை ரூத் ஒளிக்காமல் சொன்னார். அந்தம்மாள் அசையவில்லை.

"திருடின்னு சொல்றாருங்களா? சொல்லட்டுமுங்க. எடுக்காத பொருளுக்கு எதுக்குங்கம்மிணி நான் பயப்படோணும்? போலீஸ் வந்தா அவிங்களுக்கும் ஒரு டம்ளர் மோரு. இந்த ஊட்ட உட்டு நான் நகர மாட்டனுங்க."

வெட்டுக்காட்டம்மன் கோயிலுக்குப் போனதுண்டா என்று கேட்டபோதுதான் அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்தப் பேர இங்க சொல்லாதீங்க. புள்ளத்தாச்சி இருக்கற ஊடு" என்றவர், வாசல் பக்கம் போய் எச்சில் துப்பிவிட்டு வந்தார்.

பொங்கியண்ணனின் கதை அந்த இடத்திலேயே செத்தது. அவரே அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வெட்டுக்காட்டம்மனுக்குக் கூரை கிடையாது. வேப்பமரங்களுக்குக் கீழே ஒரு கருங்கல் மேடை, அதன் மேல் அம்மன், பக்கத்தில் எலுமிச்சம்பழங்கள் குத்திய சூலம். முன்னால் புளியங்கட்டை, உளி, சுத்தியல். போனில் காணிக்கை செலுத்த ஒரு கியூஆர் அட்டை, அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். மேடைக்கு இருபுறமும் இரண்டு குழிகள். வெட்டிய காசின் ஒரு பாதி கிழக்குக் குழியில், மறுபாதி மேற்குக் குழியில். கொங்கு நாட்டு வரப்புத் தகராறுகளும் பாகப்பிரிவினைகளும் அங்கே பாதிப் பாதியாய்க் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

பூசாரி காளிச்சாமிக்கு அறுபது வயதிருக்கும். எல்லோருடைய பகையையும் தெரிந்துவைத்திருந்த மனிதருக்குரிய மரியாதையோடு பேசினார். ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்காட்டுப்பாளையத்து மாரியாத்தாள் இங்கே வந்தாரா என்று ரூத் கேட்டார்.

"பேரு வந்துச்சுங்க" என்றார் காளிச்சாமி. "ஆளு வரலைங்க."

சூலத்தைக் காட்டினார். இரண்டு எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு குத்தியிருந்தது. தங்க எழுத்தில் ஒன்பது வரிகள், நிறுவனர், தலைவர், புரவலர் என்று ஆரம்பித்து இறங்கின. பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. 'மாரியாத்தாள். டங்காசாலை. காலி செய்ய வேண்டும்.'

ரூத் போனை எடுத்துச் செய்திமடலின் அந்த வாக்கியத்தைப் பொங்கியண்ணனிடம் காட்டினார். 'வரலாற்றின் மண்ணை வெறுங்காலால் உணர வேண்டும் என்று தலைவர் தம் காலணிகளைப் பேருந்திலேயே விட்டு இறங்கிய காட்சி நெஞ்சை நெகிழ வைத்தது.'

"கல்வெட்டைப் பார்க்க யாராவது செருப்பைக் கழட்டிட்டுப் போவாங்களா பொங்கி?"

"சாமியப் பாக்கப் போனாத்தானுங்க்கா கழட்டுவாங்க" என்ற பொங்கியண்ணன் கார்டை மறுபடி பார்த்தார். "அம்மனுக்கே விசிட்டிங் கார்டு குடுத்திருக்காரு பாருங்க. சந்தேகம்னா கூப்பிட்டுக் கேக்கட்டும்னு நம்பரும் இருக்குது."

மீதியைக் காளிச்சாமி சொன்னார். வந்தவர் இரண்டு காசுகளோடு வந்தார். ஒன்று வெட்ட, ஒற்றை ரூபாய். இன்னொன்று வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்த பழைய காசு. வந்ததோடு வந்ததாக அதற்கு அம்மனுடைய அருளும் வேண்டுமென்றார். இடது கையில் அழிக்கிற காசு, வலது கையில் வாழ வைக்கிற காசு. பூசாரி ரூபாய்க்குக் குங்குமம் பூசி அவர் இடது கையில் கொடுத்தார். வந்தவர் பக்தியில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு மிளகாய் தன் வேலையைப் பார்த்தது. கண்ணைக் கசக்கி, கர்ச்சீப்பைத் தேடி, காசுகளைக் கை மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் பேரை மூன்று முறை சொல்லி ஒரு கையை நீட்டினார். கண்ணைத் திறக்க முடியவில்லை. முறைப்படி மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பூசாரியும் அந்த நேரம் காசைப் பார்ப்பதில்லை, உளியைத்தான் பார்ப்பார். வெட்டினார். பெரிய மனிதர் கையில் மிஞ்சியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"வெட்டிப்போட்டுப் பாத்தா ஆனை ரெண்டாக் கெடக்குதுங்க. கூப்புடலாம்னா கூப்புடவும் முடியாது. வெட்டுனவரு திரும்பிப் பாத்தா அவரு தலைக்கே வந்துருமுங்க. அவரு நல்லதுக்குத்தான் உட்டுட்டனுங்க."

கட்டையின் பின்னாலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தார். யானையின் முன்பாதி, பின்பாதி. வெள்ளி வெளியில்தான் இருந்தது, ஒரு மெல்லிய தோல் அளவுக்கு. வெட்டுவாயில் செக்கச் சிவப்பாகச் செம்பு தெரிந்தது. உலகத்தில் மூன்றுதான் இருந்த காசில் ஒன்று, யாரோ ஒருவர் இந்தக் காலத்தில் சமைத்தது.

காளிச்சாமி பின்பாதியை ரூத்திடம் கொடுத்தார், சனிக்கிழமை அமாவாசைக்குள் திரும்பி வர வேண்டும் என்ற பேச்சோடு. வெட்டினது இறங்க வேண்டுமென்றால் வெட்டினவரே வந்து, பேர் வெட்டுப்பட்டவர் பக்கத்தில் நிற்க, இரண்டு பாதியையும் சேர்த்து மஞ்சள் கயிற்றில் கட்ட வேண்டும், வேறு வழி கிடையாது என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். ரூத் அப்போது கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன்தான் முழுதாகக் கேட்டார்.

கார் நொச்சிக்காட்டுப்பாளையம் பக்கம் திரும்பியதும் ரூத்துக்கு நெடுநாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. ஓட்டலில் பெட்டியைத் திறந்த அந்த நொடியிலேயே கிருபாசங்கருக்கு நடந்தது தெரிந்திருக்கிறது. விஞ்ஞானப் பார்வை பற்றி மேடைதோறும் பேசுகிறவர் காசு வெட்டப் போனேன் என்று எப்படிச் சொல்வார்? மாரியாத்தாள் மேல் பழியைப் போட்டால் மானமும் தப்பும், கட்டடமும் கிடைக்கும். விசாரணை நடந்தது என்று காட்ட ஒரு ஆள் வேண்டும், எதையும் கண்டுபிடிக்காத ஆளாக. அதற்குத்தான் பேக்கரி மாடி.

பொங்கியண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அவரு மூஞ்சில அந்தக் காசத் தூக்கி எறிங்க. வேண்டாங்கல. ஆனா அந்தம்மா காதுல உழுகாம எறிங்க."

"எதுக்கு? திருடி இல்லைன்னு அவங்க காதால கேக்க வேண்டாமா?"

"எங்கப்பா நாலு மாசம் படுத்திருந்தாருங்க்கா."

"பொங்கி, உண்மையைச் சொல்லித்தான் அவங்களைக் காப்பாத்த முடியும்" என்றார் ரூத். சர்ச்சில் வேதபாட வகுப்பெடுக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லும் குரலில் சொன்னார். பொங்கியண்ணன் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினார்.

சரியாக ஐந்து மணிக்குக் கிருபாசங்கர் வந்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் ஒன்று சங்கிலியில் தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பிய மாரியாத்தாள் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்க அறையின் நிலைப்படியில் நின்றார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ரூத் அவசரப்படவில்லை. முதலில் செய்திமடலைப் படித்தார், வெறுங்கால் வாக்கியத்தை நிறுத்தி நிறுத்தி. கிருபாசங்கர் புன்னகை செய்தார். அடுத்து, டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்த ஒற்றை ரூபாயை, கழுவப்படாதது என்ற குறிப்போடு மேஜையில் வைத்தார். புன்னகை நின்றது. மூன்றாவதாக, சூலத்தில் குத்தியிருந்த கார்டின் போட்டோவை, முன்பக்கமும் பின்பக்கமும் காட்டினார்.

மேடைத் தமிழ் அவரை விட்டு ஓடிப்போயிற்று.

"அது சாமி காரியமுங்க. வெளிய சொல்லப்படாது" என்றார் மெதுவாக.

"சொல்லலைன்னா இவங்க ஜெயிலுக்குப் போகணும், இல்லீங்களா?" என்ற ரூத், யானையின் பின்பாதியை மேஜையில் வைத்தார்.

கிருபாசங்கர் லென்ஸை எடுத்தார். வெட்டுவாயைப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பன்னிரண்டு வருடமாக அந்தக் காசைப் பற்றி நாற்பது மேடைகளில் பேசியவர், இப்போது ஒரே ஒரு சொல் சொன்னார்.

"செம்பு."

"பின்பக்கம்தான் எங்ககிட்ட இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன். "மொகம் வேணும்னா கோயிலுக்குப் போகோணும்."

ரூத் சொன்னதையெல்லாம் கிருபாசங்கர் செய்தார். பேரவை வாட்ஸ்அப் குழுவில், காசு திருட்டுப் போகவில்லை, தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று அவர் குரலிலேயே பதிவு போனது. புகார் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோது ரூத்துக்குத் தோன்றியது, துப்பறிகிற தொழிலுக்கு இதைவிட நல்ல நாள் வராது.

அப்போது ஒரு தறி நின்றது.

இன்னொன்று நின்றது. நிலைப்படியில் மாரியாத்தாள் இல்லை. உள்ளே ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு போனார். எட்டாவதும் நின்றபோது அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் குருவிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் ரூத்தைப் பார்க்கவில்லை.

"எம்பேருலயா வெட்டுனீங்க மொதலாளி?"

கிருபாசங்கர் லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குங்க?"

"நாலு, நாலரை இருக்கும்."

"திங்கக்கெழம வெடியாலதானுங்க ரித்திகாவத் தூக்கிட்டு ஓடுனம்" என்றார் மாரியாத்தாள், கணக்குச் சரியாக வந்துவிட்டதைப் போல.

ரூத் குறுக்கே வந்தார். ரத்தக்கொதிப்பு போன மாதமே இருந்தது, டாக்டரே சொல்லியிருக்கிறார், இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மாரியாத்தாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பது போல.

பொங்கியண்ணன் வேறு வழியில் போனார். "ஏனுங்க, அது கள்ளக் காசுங்க. உள்ள பூராம் செம்பு. கள்ளக் காசுல வெட்டுனா எப்புடிங்க பலிக்கும்?"

"காசு கள்ளமா இருக்கலாமுங்க" என்றார் அந்தம்மாள். "அவரு கேட்டது நெசமாத்தானுங்களே கேட்டாரு."

 

மாரியாத்தாள் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜையில், யானையின் பாதிக்குப் பக்கத்தில் வைத்தார். குத்தகைப் பத்திரத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். தறிகளை எடுக்க மட்டும் நாலு நாள் வேண்டும். அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றுதான். முதலாளி அமாவாசையன்றைக்குக் கோயிலுக்கு வந்து பக்கத்தில் நின்று இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"அம்மா, அவசரப்படாதீங்க" என்றார் ரூத். "இப்ப யாரும் உங்களை வெளியே அனுப்ப முடியாது. கையெழுத்து என் பையில இருக்குது."

"நீங்க எனக்கு நல்லதுதானுங்கம்மிணி செஞ்சீங்க. திருடியாக் கூட இருந்திருப்பனுங்க. இது தெரியாம இருந்திருக்கலாம்."

கிருபாசங்கரின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது பழைய முகம் திரும்பி வந்திருந்தது, அதோடு பழைய தமிழும்.

"மனிதாபிமான அடிப்படையில் நான் வருகிறேன். எனக்கு இந்த நம்பிக்கைகளில் உடன்பாடு இல்லை. இருந்தாலும் ஒரு தாயின் கண்ணீர்" என்றார். மாரியாத்தாள் அழவில்லை. "சனிக்கிழமை காலை பத்தரைக்கு மேல் எனக்கு ஒரு கூட்டம். ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளலாம்."

பிறகு ரூத்திடம் கையை நீட்டினார்.

"அந்தப் பாதியைக் கொடுங்கள் அம்மா. சேர்த்துக் கட்ட வேண்டுமல்லவா?"

ரூத் அதை மேஜையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். இவர் கைக்குப் போனால் சனிக்கிழமைக்குப் பிறகு யானையும் இல்லை, செம்பும் இல்லை, பேரவைத் தலைவர் மட்டும் இருப்பார். பொங்கியண்ணனைப் பார்த்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் அந்த ஆள் நின்றுபோன தறியில் ஒரு நூலை விரலால் சுண்டிக்கொண்டு நின்றார்.

"குடுத்துருங்கம்மிணி" என்று கும்பிட்டார் மாரியாத்தாள். "எம்புள்ள இருக்குதுங்க."

ரூத் கையைத் திறந்தார்.

கிருபாசங்கர் யானையின் பின்பாதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், விளிம்பை மட்டும் பிடித்து, முகத்தில் விரல் படாமல் எடுத்துக்கொண்டார். அவருடைய இரண்டாவது விதி அது.